தாம்பரம் தாண்டினால் வழியெல்லாம் ஏரி, ஆறு மட்டும் எங்கே?

தாமிரபரணித்தண்ணி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வேலை மறைமலை நகரில், குடியிருப்பது கூடுவாஞ்சேரியில், வந்து நாலு வருஷம் ஆகிறது. மாதம் ஒருமுறை ராத்திரி ரயிலில் ஊருக்குப் போய்வருவேன். திரும்பி வரும்போது மேல்மருவத்தூர் பக்கம் லேசாக வெளிச்சம் வரும், அதிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஜன்னலில் பார்த்தால் ஏரி, வயல், ஏரி, கல் குவாரி, மறுபடியும் ஏரி. நடுவில் பாலாற்றுப் பாலம் வரும். பாலம் என்னமோ நீளமாகத்தான் இருக்கிறது, கீழே பார்த்தால் மணலும் புதரும்தான். எங்க ஊர்க்காரனுக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. எங்களுக்கு ஆறுதான் முதல், அதிலிருந்து கால்வாய், கால்வாய்க்குக் கீழே குளம். இங்கே ஆற்றையே காணோம், ஏரி மட்டும் எண்ணி மாளவில்லை. தண்ணி எங்கிருந்து வருகிறது?

கேட்கக் காரணம், மகள் நாலாம் வகுப்பு. "நமது மாவட்டம்" என்று பள்ளியில் ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார்கள். செங்கல்பட்டு மாவட்டம் சென்னைக்குத் தெற்கே உள்ளது என்று முதல் வரி எழுதினேன். இரண்டாவது வரி வரவில்லை. மகாபலிபுரம் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன், ஆனால் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சென்னைக்கு வெளியே இருக்கும் இடம் என்பதைத் தவிர இந்தப் பகுதிக்கு என்று ஒரு கதை இருக்கத்தானே வேண்டும்? இத்தனை ஏரியை யார் வெட்டினார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூகுளில் தேடினால் ரிசார்ட் விளம்பரம்தான் வருகிறது.

மதகுக்காரர்:

தம்பி, முதலில் ஒரு திருத்தம். ஏரியை யாரும் வெட்டவில்லை. வெட்டுவது குளம். ஏரி என்றால் கரை போடுவது. சரிவாக இருக்கிற நிலத்தில் தாழ்ந்த பக்கமாகப் பார்த்து வில் மாதிரி வளைத்து ஒரு மண்கரை போட்டால், மேலே இருந்து ஓடிவரும் மழைத்தண்ணி அதில் வந்து முட்டி நிற்கும். மற்ற மூன்று பக்கமும் கரையே இருக்காது, தண்ணி எதுவரை பரவுகிறதோ அதுவரை ஏரி. அடுத்த தடவை ரயிலில் வரும்போது கவனியுங்கள். இந்தப் பக்கம் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்துச் சரிகிறது, அதனால் பெரும்பாலான ஏரிக்குக் கரை கிழக்குப் பக்கம், அந்தக் கரைக்குக் கீழே வயல், வயலுக்கு ஓரத்தில் ஊர். நான் நீர்ப்பாசன வேலையில் முப்பது வருஷம் இந்தக் கரைகளில் நடந்தவன், ஓய்வுபெற்று எட்டு வருஷம் ஆகிறது. இப்போதும் புது ஊருக்குப் போனால் கிழக்கு எது என்று ஏரிக்கரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். (மலை குறுக்கே வந்து சரிவு திரும்பும் இடங்களில் ஏமாந்தும் இருக்கிறேன், அது வேறு கதை.)

ஆறு ஏன் இல்லை என்பதற்கு வருவோம். உங்கள் தாமிரபரணிக்குப் பின்னால் பொதிகை மலை நிற்கிறது. தென்மேற்கு மழையும் அங்கே விழுகிறது, வடகிழக்கு மழையும் விழுகிறது, காடு அதைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. இங்கே அப்படி மலை இல்லை. உங்கள் ஊர்ச் சமவெளியை விட இங்கே மழை அதிகம், வருஷத்துக்கு 1,200 மில்லிமீட்டர் போல வரும், ஆனால் அதில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில புயல்களோடு கொட்டித் தீர்ந்துவிடும். விட்டால் இரண்டே நாளில் கடலுக்குப் போய்விடும். பூமிக்குள் இறங்குமா என்றால் கீழே கெட்டிப் பாறை. பல்லாவரம், வண்டலூர், திருக்கழுக்குன்றம் என்று நீங்கள் பார்க்கும் குன்றெல்லாம் அந்தப் பாறையின் தலைதான். அதற்குச் சார்னகைட் என்று பெயர். 1893-இல் ஹாலந்து என்ற புவியியலாளர் வைத்தது, கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இருக்கும் கல் அந்த வகை என்பதால். சென்னைப் பக்கத்துப் பாறைக்குக் கல்கத்தாக்காரர் பெயர், என்ன செய்ய. சரி, பாறை தண்ணியை உள்ளே வாங்காது, ஆறும் நிற்காது, அப்போது மேலேயே பிடித்து வைத்தால்தான் உண்டு. அதற்குத்தான் ஏரி.

எத்தனை என்று கேட்டால், துறைக் கணக்கில் செங்கல்பட்டு மாவட்டத்தில் 528, காஞ்சிபுரம் மாவட்டத்தில் 381, இரண்டும் சேர்ந்து 909. இது பெரிய ஏரிகள் மட்டும். ஊராட்சி ஒன்றியத்தின் கையில் இருக்கும் சின்ன ஏரி, தாங்கல், குட்டை எல்லாம் தனிக் கணக்கு. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று ஊர்ப் பெயர் முடிகிறதே, அந்தத் தாங்கல் சின்ன ஏரிதான்.

இன்னொன்று முக்கியம். இவை தனித்தனி ஏரி அல்ல. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து கீழ் ஏரிக்கு வரும். உங்கள் ஊரில் மறுகால் பாய்கிறது என்பீர்களே, அதைத்தான் இங்கே கலங்கல் ஓடுகிறது, கோடி போகிறது என்பார்கள். அந்தக் கீழ் ஏரி நிரம்பி அதற்கும் கீழே, இப்படியே பத்து இருபது ஏரி ஒரு சரமாகப் போகும். கடைசி ஏரியின் உபரி எங்கே போகும்? அதுதான் ஆறு. அடையாறு எங்கே பிறக்கிறது என்று கேட்டால் மலைப் பெயர் சொல்ல முடியாது, ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரியில் ஆரம்பிக்கிறது. கூவமும் அப்படித்தான், திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்றே ஒரு ஊர், அங்கே ஒரு ஏரி. உங்கள் ஊரில் ஆறு குளத்தை நிரப்புகிறது. இங்கே ஏரி வழிந்து ஆறாகிறது. ஆறு எங்கே என்ற கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

பாலாறு மட்டும் விதிவிலக்கு, அது வெளியூர் ஆறு. நந்தி மலைப் பக்கம் கர்நாடகத்தில் பிறந்து மொத்தம் 348 கிலோமீட்டர், அதில் 222 நம் மாநிலத்தில், வாயலூர் பக்கம் கடலில் சேர்கிறது. மேலே எல்லோரும் அணை கட்டிப் பிடித்துக்கொண்டது போக, இங்கே வருவதில் பெரிய பங்கு செய்யாறு கொண்டு வருவது. ஆனால் மணல் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள், அந்த மணலுக்குள் தண்ணி ஓடுகிறது. கல்பாக்கம் அணுமின் நிலையமே ஆற்று மணலில் போட்ட கிணறுகளில் இருந்து தண்ணி எடுத்தது. அந்தக் காலத்தில் ஆற்றுக்குள் நீளமாகப் பள்ளம் தோண்டி ஊறுகிற தண்ணியை வாய்க்காலில் இழுத்துவிடுவார்கள், ஊற்றுக்கால் என்று பெயர்.

லாரிநம்பர்4:

ஆறு எங்கேயும் போகவில்லை சார், தார்ப்பாய் போட்டு மூடி லாரியில் சென்னைக்குத்தான் போனது. உங்கள் அபார்ட்மென்ட் சுவரைத் தட்டிப் பாருங்கள், பாலாறு என்று சத்தம் கேட்கும்.

கருங்குழிக்காரி:

லாரிநம்பர்4 சொன்னது சிரிப்பாக இருந்தாலும் உண்மைதான். மதகுக்காரர் ஐயா எல்லாம் சொல்லிவிட்டார், நான் கீழே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர் மதுராந்தகம் பக்கம். வீடு ஏரிக்கு நேர் கீழே. பெரிய ஏரி இல்லை, இருநூறு ஏக்கர் போலப் பாயும்.

சின்ன வயதில் எங்களுக்குக் காலண்டரே ஏரிதான். சம்பா அறுத்த பிறகு ஏரியில் தண்ணி இருந்தால் நவரை, அதற்கப்புறமும் மிச்சம் இருந்தால் சொர்ணவாரி, இல்லையென்றால் வேர்க்கடலை. எத்தனை போகம் என்பதை ஊரில் உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள், யாருக்கு எந்த மதகில் எத்தனை நாழிகை என்பது நீர்க்கட்டிக்குத் தெரியும். நீர்க்கட்டி என்றால் தண்ணி பாய்ச்சுவதற்கென்று ஊர் வைத்த ஆள். எங்கள் ஊர் நீர்க்கட்டித் தாத்தாவுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. நிலம் இல்லாதவர்தான் தண்ணியைப் பங்கு போட வேண்டும், அப்போதுதான் தன் வயலுக்குத் திருப்ப மாட்டார் என்று அப்பா சொல்வார். அறுவடையில் களத்து மேட்டிலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வரப்பில் போனால், கடைமடைக்காரர் எல்லாம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கார்த்திகை அடைமழையில் ஒரு ராத்திரி நன்றாக நினைவிருக்கிறது. கரையில் நண்டு வளை ஒன்று பெரிதாகி, அந்தப் பக்கம் வெளிப்புறச் சரிவில் மண் நிறத்தில் தண்ணி கசிய ஆரம்பித்துவிட்டது. தெளிந்த தண்ணி கசிந்தால் பயமில்லை, மண் கலந்து வந்தால் கரை உள்ளே அரிக்கிறது என்று அர்த்தம், இது எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா, சித்தப்பா, ஊரில் இருந்த ஆம்பிளைகள் எல்லாம் அரிக்கன் விளக்கோடு போனார்கள். பனை மட்டை, வைக்கோல், சாக்கில் மண். விடியும்போது அப்பா இடுப்புவரை சேறோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து, டீயை வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனார். அந்த வருஷம் கோடி போனபோது கலங்கல் பக்கத்தில் அம்மனுக்குப் பொங்கல் வைத்து ஆடு வெட்டினார்கள். எங்களுக்கு அதெல்லாம் இல்லை, பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வழிகிற தண்ணியில் கெண்டை மீன் பிடிப்பதுதான் திருவிழா.

மதுராந்தகம் பெரிய ஏரிக்கும் இந்த மாதிரி ஒரு ராத்திரிக் கதை இருக்கிறது, கேட்டிருப்பீர்கள். கும்பினி காலத்தில், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், வருஷா வருஷம் ஏரி உடைந்துகொண்டே இருந்ததாம். பிளேஸ் என்று ஒரு கலெக்டர் துரை. கோயிலில் தாயார் சன்னதி கட்டிக் கொடுங்கள் என்று பட்டர்கள் கேட்க, உங்கள் சாமி இந்த வருஷம் ஏரியைக் காப்பாற்றினால் கட்டித் தருகிறேன் என்று இவர் சொல்ல, அடைமழை ராத்திரியில் கரையைப் பார்க்கப் போனால் வில்லும் கையுமாக இரண்டு இளைஞர்கள் கரைமேல் காவல் நின்றார்களாம். ஏரி உடையவில்லை. ராமனும் லட்சுமணனும்தான் என்று துரை விழுந்து கும்பிட்டார் என்பார்கள். அதனால்தான் ஏரிகாத்த ராமர். கோயிலில் அந்தத் தாயார் சன்னதியில் பிளேஸ் துரை பெயரோடு கல்வெட்டு இப்போதும் இருக்கிறது, போனால் பாருங்கள். துரை எதைப் பார்த்தாரோ தெரியாது, அந்த மழையில் கரையில் ஆட்கள் நின்றிருப்பார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஓலைச்சுவடி:

கருங்குழிக்காரி அக்கா, அந்தக் கடைசி வரியைத் திருடிக்கொள்கிறேன்.

அந்தக் கதையில் ஏரி ஏன் வருஷா வருஷம் உடைந்தது என்பதில்தான் இந்தப் பகுதியின் வரலாறே இருக்கிறது. 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, கும்பினிக்குப் பட்ட கடனுக்காகச் சென்னையைச் சுற்றியுள்ள நாட்டை ஜாகீராக, அதாவது வரி வசூலித்துக்கொள்ளும் உரிமையோடு, கொடுத்தார். கும்பினிக்கு அதுவரை இந்தப் பக்கம் இருந்தது கோட்டையும் சுற்றி நாலு கிராமமும்தான், நாடு என்று ஒன்று கைக்கு வந்தது அப்போதுதான். என்ன கிடைத்தது என்றே அவர்களுக்குத் தெரியாது, அதனால் தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளரை வைத்து 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்தார்கள். சுமார் 2,000 ஊர். எத்தனை வீடு, எத்தனை ஏரி, எவ்வளவு நஞ்சை, விளைச்சலில் கணக்கனுக்கு எவ்வளவு, தலையாரிக்கு எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு, எல்லாம். அதே ஊர்களின் கணக்கு ஓலைகள் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அக்கா சொன்ன நீர்க்கட்டியின் நெல் இருக்கிறதே, அந்த மாதிரிப் பங்குகள்தான் ஓலையிலும் பக்கம் பக்கமாக வரும்.

அப்புறம் 1780. ஹைதர் அலி படையோடு இறங்கினார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று கும்பினிப் படை நொறுங்கியது. அக்கா ஊரான கருங்குழியில் அப்போது ஒரு கோட்டை, அதுவும் கை மாறி கை மாறிப் போனது. அந்தச் சண்டைக் காலத்தில் ஜாகீர் ஊர்கள் காலியாகின, சனங்கள் சென்னைக்கும் தெற்கேயும் ஓடினார்கள். மண்வெட்டியோடு கரையில் நிற்க ஆள் இல்லையென்றால் ஏரி என்ன ஆகும்? மண்கரைக்கு எதிரி தேவையில்லை, இரண்டு மழைக்காலம் யாரும் பார்க்காமல் விட்டால் போதும். லயோனல் பிளேஸ் 1794-இல் ஜாகீர் கலெக்டராக வந்தபோது அவர் கண்டது இந்த உடைந்த நாட்டைத்தான். வரி வேண்டும் என்றால் விளைச்சல் வேண்டும், விளைச்சலுக்கு ஏரி வேண்டும், அதனால் செப்பனிட்டார். பக்தி அப்புறம். ஊர் நிலத்தில் பரம்பரை உரிமை வைத்திருந்த காணியாட்சிக்காரர்களோடு அவர் போட்ட சண்டையும் கொஞ்சநஞ்சம் இல்லை, அவரை ராம பக்தராக மட்டும் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. 1798-இல் போய்விட்டார். வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவை சுட வந்தபோது ஊர்க்காரர்கள் இதே பிளேஸிடம்தான் முறையிட்டுக் காப்பு வாங்கினார்கள் என்றும் சொல்வார்கள். பறவைக்கு அவ்வளவு பாசம் ஏன் என்றால், ஏரிக்குள் இருக்கும் மரங்களில் அவை போடும் எச்சம் தண்ணியில் கலந்து வயலுக்கு உரமாகப் போகிறது. இப்போதும் அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது.

யார் கட்டினார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் மகேந்திரவாடியில் மகேந்திர தடாகத்தின் கரையில் குடைவரை எடுத்ததாகக் கல்வெட்டிலேயே சொல்கிறான், ஏரி அதற்கு முன்பே இருக்கிறது பாருங்கள். வாலாஜாபாத் பக்கம் தென்னேரி இருக்கிறதே, அது திரையன் ஏரி, சங்க காலத்து இளந்திரையனோடு சேர்த்துச் சொல்லும் மரபு உண்டு. உத்திரமேரூர் ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர், அதுவும் பல்லவப் பட்டம். ராஜா பெயர் வைத்தான் என்பதற்காக ராஜாவே பராமரித்தான் என்று ஆகிவிடாது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகள், குடவோலை என்று பாடப்புத்தகத்தில் படித்தது. ஓட்டுப் போட்டார்கள் என்பதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். எதற்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள்? 30 குடும்புகளில், அதாவது ஊர்ப் பிரிவுகளில், இருந்து எடுத்த பெயர்களில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். ஏரிக்கென்றே தனி வாரியம்! வயது 35-க்கு மேல் 70-க்குள், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு), சொந்த மனையில் வீடு. ஊரே ஓட்டுப் போட்டது என்று இதை வைத்து மேடையில் பெருமை பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, அது பிராமண ஊர்ச்சபை, நிலம் உள்ள ஆண்களுக்கு மட்டும். அக்கா ஊர் நீர்க்கட்டித் தாத்தாவுக்கு அங்கே ஓலை கிடையாது.

திருமுக்கூடலையும் விட்டுவிடாதீர்கள். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம், வாலாஜாபாத்துக்குத் தெற்கே. அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 11-ஆம் நூற்றாண்டு. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, வைத்தியருக்கு எவ்வளவு, அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மருந்து கொண்டுவருபவருக்கு எவ்வளவு என்று சம்பளம் வரை வெட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் மகளின் இரண்டாவது வரிக்கு இது போதும்.

பொன்னேரிக்காரன்:

சென்னைக்கு வெளியே என்றாலே உங்கள் எல்லோருக்கும் தெற்குதான். ஜி.எஸ்.டி. ரோடும் ஈ.சி.ஆரும் போட்டதோடு வடக்கு என்று ஒரு திசையே இல்லாமல் போய்விட்டது. எங்கள் பக்கமும் 1997 வரை அதே செங்கல்பட்டு மாவட்டம்தான் சாமி.

சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையில் கோட்டைக்கு இடம் வாங்கியது 1639. பழவேற்காட்டில் டச்சுக்காரன் கெல்ட்ரியா கோட்டை கட்டியது 1613. சோழமண்டலக் கரைக்கே அவர்களுக்குத் தலைமை இடம் அது, 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை. ஒரு காலத்தில் துணி வாங்கக் கப்பல் வந்தது எங்கள் ஊருக்கு, உங்கள் மெட்ராஸ் அப்போது மீனவக் குப்பம். கோட்டை இப்போது முள்ளுக்காடு, டச்சுக் கல்லறைகளில் மட்டும் மண்டையோடும் எலும்பும் செதுக்கிய கல் அப்படியே நிற்கிறது. ஏரி என்று பெயர் இருந்தாலும் பழவேற்காடு உங்கள் ஏரி மாதிரி இல்லை, கடலும் ஆரணியாறும் கலக்கும் உப்பங்கழி, சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரியது. முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொண்டால் இறால் வராது, அன்றைக்கு வீட்டில் உலை இல்லை. எங்களுக்குக் கலங்கல் அதுதான்.

இன்னும் பழசு வேண்டுமா? பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் அதிரம்பாக்கம். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டுபிடித்த பிறகு அதே வருஷம் இங்கே வந்தார். பிற்பாடு தோண்டி ஆராய்ந்ததில் 15 லட்சம் வருஷம் பழைய கருவிகள் என்று 2011-இல் அறிவித்தார்கள். நீங்கள் 909 ஏரியை எண்ணிக்கொண்டிருங்கள், நாங்கள் லட்சத்தில் எண்ணுகிறோம்.

மதகுக்காரர்:

பொன்னேரிக்காரரே, கோபம் நியாயம்தான். பூண்டி, சோழவரம், செங்குன்றம் என்று சென்னைக்குக் குடிதண்ணி கொடுப்பதே உங்கள் பக்கத்துக் கொசஸ்தலையாறுதானே. உங்கள் பக்கத்துக்கும் ஒரு தனித் திரி தொடங்குங்கள், உப்பங்கழி முகத்துவாரம் பற்றி நான் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

தாமிரபரணித்தண்ணி:

ஒரு பக்கம் கேட்டேன், நீங்கள் எல்லாம் சேர்ந்து பாடப்புத்தகமே கொடுத்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பைக்கில் வைத்துக்கொண்டு மதுராந்தகம் போய்வந்தேன். ஏரியில் தண்ணி பாதிதான், 23 அடிக்கு மேல் நிற்குமாம், பக்கத்தில் கடலை விற்றவர் சொன்னார். கோயிலில் கல்வெட்டைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது, அர்ச்சகர் ஐயா விரல் வைத்துக் காட்டினார். மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "கும்பினி என்றால் என்னப்பா?" என்று கேட்டாள். "ஒரு கம்பெனி"ன்னு சொன்னேன். "நீ வேலை பார்க்கிற மாதிரியா?" என்றாள். பதில் சொல்லவில்லை.

திரும்பி வந்த பிறகு ஐயா சொன்ன மாதிரி எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் ஏரியைச் சுற்றி நடந்து பார்த்தேன். நாலு வருஷத்தில் முதல் தடவை. கரை கிழக்கே வளைந்து போகிறது. வடகோடியில் கருங்கல் பாவிய ஒரு தாழ்ந்த இடம், ஐம்பது அடி நீளம் இருக்கும், நடுவில் வரிசையாக முழங்கால் உயரத்துக்குக் கல் நட்டிருக்கிறது. அதைத் தாண்டி ஒரு பள்ளம் கிளம்பி, நேராக எங்கள் குடியிருப்பின் சுற்றுச்சுவரில் வந்து முட்டுகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் பார்க்கிங். ஒவ்வொரு கார்த்திகையிலும் அங்கே முழங்கால் தண்ணி நிற்கும், மோட்டார் வைத்து இறைப்போம், வீடு விற்றவர்களிடம் கேட்டபோது வடிகால் அடைப்பு என்றார்கள். ஐயா, அந்தக் கல் எல்லாம் என்ன?

மதகுக்காரர்:

அதுதான் தம்பி கலங்கல். நட்டிருக்கும் கல்லுக்கு நடுவில் மழை முடியும் சமயம் பலகையும் மண்ணும் வைத்து அடைத்து, ஏரியில் இன்னும் அரை அடி தண்ணி கூடத் தேக்குவார்கள், அதற்கு நட்டது. பள்ளம் போக்குக் கால்வாய். கூடுவாஞ்சேரிப் பக்கத்து உபரி ஆதனூர் பக்கம் போய் அடையாற்றில் சேர வேண்டியது. 2015-இல் முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கியது இதே சரத்தின் கீழ்க்கோடிதான். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் கேளுங்கள், ஊர் நிலங்களின் விவரம் இருக்கும் அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் எதிரே வாய்க்கால் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அகலமும் தெரிந்துவிடும். நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரை விற்றுவிடாதீர்கள்.

தாமிரபரணித்தண்ணி:

நாளைக்கே போகிறேன் ஐயா. காரை ஐப்பசிக்கு முன்னாலேயே அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் போல.

கருங்குழிக்காரி:

கோடி போனால் சொல்லுங்கள், கெண்டை மீன் குழம்புக்கு வருகிறேன். பாவாடை வேண்டாம், பார்க்கிங்கில் பழைய கொசுவலை போதும்.